ஆமை ஓட்டும் குதிரை

குதிரையில் ஏறுவதற்கு முன் அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். நாலு கால், சேணம், பின்னால் கட்டிய மூட்டை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் ஏறுவாள். ஏறியதும் கிளம்பிவிட மாட்டாள். முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, “போலாமா ஐயா?” என்று குதிரையிடம் கேட்டுவிட்டு, நடையில்தான் விடுவாள். குதிரையை ஓடவிட ஒரு பட்டன் இருக்கிறது. விடாமல் தட்டினால் பறக்கும். இவள் கைக்கு வந்த நாள் முதல் அந்தப் பட்டனில் விரல் பட்டதே இல்லை.

குதிரை இருப்பது எங்கள் வீட்டு டிவிக்குள். அக்கா இருப்பது அதற்கு எதிரே ஒரு முக்காலியில், மூக்கு முட்டும் தூரத்தில். கொஞ்சம் தள்ளி உட்காரேன் என்று நானும் சொல்லி அலுத்துவிட்டேன். “முன் கண்ணாடிக்குப் பக்கத்துல உட்காந்தாதான்டீ வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு” என்பாள். கையில் பிடித்திருக்கிற கன்ட்ரோலருக்கு அவள் வைத்திருக்கிற பெயர் ஸ்டீயரிங்.

அக்கா பள்ளிக்கூட பஸ் டிரைவர். ஷெட்டில் அவளை ஆமை என்பார்கள். பின்னால் வருகிறவன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தால், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “நீ முந்திக்கப்பா, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தான் இருக்கு” என்பாள். அந்த பஸ்ஸில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததுண்டு, இரண்டு பிள்ளைகள் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்து இழுத்ததுண்டு. ஒரு பிள்ளைக்கும் சின்னக் கீறல்கூட விழுந்ததில்லை. இதை அவள் தானாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். யாராவது சொன்னால் மட்டும் முகம் விளக்குப் போட்டதுபோல ஆகிவிடும்.

விளையாட்டுப் பெட்டி அவள் மகளுடையது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது, அங்கே அறை தீப்பெட்டி அளவு என்று இதை இங்கேயே விட்டுப் போனாள். தூசி தட்டப் போன அக்கா, எதையோ அழுத்தி, எப்படியோ அந்த ஊருக்குள் போய்விட்டாள். மலை, பாலைவனம், பனி, மரப்பலகையால் கட்டிய கடைத்தெரு, புகைவிட்டுப் போகும் ரயில் எல்லாம் இருக்கிற துப்பாக்கிக்காரர்களின் நாடு அது. இவள் ஓட்டும் ஆள் தாடியும் மீசையுமாக, இடுப்பில் இரண்டு துப்பாக்கியோடு திரிகிற முரடன். மூன்று ஊர்ச் சுவர்களில் அவன் படத்தை ஒட்டி, பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று போட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு அவன் “இந்தப் பையன்”.

கதைப்படி இந்தப் பையன் ஒரு கொள்ளைக் கூட்டத்தைச் சேர்ந்தவன். ரயிலைக் கொள்ளையடிக்க வேண்டும், வா வா என்று கூட்டத் தலைவர் கூடாரத்து வாசலில் காத்திருக்கிறார். மழைக்காலத்தில் காத்திருக்கத் தொடங்கிய மனுஷன், வெயில் வந்தும் கை பிசைந்தபடி நிற்கிறார். அக்கா அந்தப் பக்கமே போவதில்லை. “அவரு சேர்க்கை சரியில்லடீ. இந்தப் பையனைக் கெடுத்துருவாரு” என்பாள். ஏற்கெனவே எத்தனை கொலை செய்தவன் என்று கேட்டால், அது தன் கைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது என்பாள். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இவ்வளவு விட்டுக்கொடுக்காமல் பேசி நான் கேட்டதில்லை.

சுடாமல், திருடாமல் அந்த நாட்டில் என்னதான் செய்கிறாள்? சுற்றிப் பார்க்கிறாள். மலை உச்சியில் ஒரு குடிசையைக் கண்டுபிடித்தாள். மேசையில் இரண்டு தட்டு, அடுப்பில் ஒரு பாத்திரம், ஆள் இல்லை. உள்ளே நுழையுமுன் வாசலில் நின்று, “யாராவது இருக்கீங்களா?” என்று டிவியைப் பார்த்துக் கேட்டாள். டிவிக்குக் கேட்காது என்று அவளுக்கும் தெரியும். கேட்காமல் நுழைய மனசு வரவில்லை, அவ்வளவுதான். அன்று முழுக்க, அந்த வீட்டு ஆட்கள் எங்கே போயிருப்பார்கள் என்று என்னைக் கேட்டுத் துளைத்துவிட்டாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற எனக்கு, இல்லாத ஊரில் இல்லாத ஆட்கள் எங்கே போனார்கள் என்பதுதான் கவலை பாருங்கள்.

ஊர் சுற்றாத நாட்களில் ‘டிரிப்’ அடிப்பாள். மரப்பலகைக் கடைகள் இருக்கிற மரக்கடை ஊரில் தொடங்கி, நேர்ச் சாலையில் ரயில் நிலையம், அங்கிருந்து தேவாலயம், மாட்டுப் பண்ணை, மறுபடி மரக்கடை. எப்போதும் அதே வட்டம், அதே திசை. ரூட் தெரிந்த டிரைவருக்கு மேப் எதற்கு என்று மேப்பைத் திறப்பதே இல்லை. தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்க ஒரு குமிழ் உண்டு. வண்டி ஓடும்போது வேடிக்கை பார்ப்பது தப்பு என்று அதையும் தொட மாட்டாள். வழியில் யாராவது கைகாட்டினால் மட்டும் நிறுத்தி ஏற்றிக்கொள்வாள். அதில் பாதிப் பேர் திருடர்கள். ஏறி உட்கார்ந்து, இவளைத் தள்ளிவிட்டு, குதிரையோடு ஓடிவிடுவார்கள். அடுத்த நாளும் நிறுத்துவாள். ரோட்டில் நிற்கிறவனை விட்டுவிட்டுப் போக அவளால் ஆகாது.

அந்த விளையாட்டின் மேல் அவளுக்கு ஒரே ஒரு குறைதான். ஆட்கள் திடீர் திடீரென்று முளைக்கிறார்களாம். ஒன்றுமில்லாத இடத்தில் குதிரை வண்டி வந்து மோதுகிறதாம். பாம்பு கொத்திய பிறகுதான் பாம்பே தெரிகிறதாம். மகளிடம் போனில் புகார் சொன்னாள். அவளும், இந்த மாதிரி விளையாட்டுகளில் அப்படித்தான் அம்மா, சில சமயம் ஆளெல்லாம் லேட்டாக வருவார்கள், அது மெஷின் கோளாறு என்று சமாதானம் சொன்னாள். நானும் நம்பினேன். நமக்கென்ன தெரியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா மரக்கடையிலிருந்து நேர்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தாள். சாலையின் இடப்பக்கம் ஒருத்தன், செத்து விழுந்த குதிரைக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு, தொப்பியை ஆட்டி ஆட்டிக் கத்தினான். எங்கள் டிவியில் ஒரு ஸ்பீக்கர் போய் நாளாயிற்று, எந்தச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். “யாரோ கத்துறாங்களே” என்றபடி அக்கா அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

“அக்கா, அந்த ஆளை விட்டுட்டுப் போறியே?”

“எந்த ஆளு?”

கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். பின்னால் பார் என்றேன். குதிரையைத் திருப்பினாள். இப்போது அந்த ஆள் வலப்பக்கமாக வந்தான். “பாத்தியா, இப்ப முளைச்சிட்டான். இதைத்தான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்” என்று சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. குதிரையும் நின்றது. அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அகலமான ஆறு, நடுவில் மணல் திட்டு, நாரைகள், ஒரு கிழவர் தூண்டில் போட்டபடி ஒரு படகு. தினமும் அந்தச் சாலையில் டிரிப் அடிக்கிறவள் அதை முதல் தடவையாகப் பார்த்தாள்.

“ஆளு முளைப்பான்” என்றாள் மெதுவாக. “ஆறு எப்படிடீ முளைக்கும்?”

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன். எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றேன். குதிரையின் காதையே பார், கண்ணைத் திருப்பாதே என்று சொல்லி, டிவியின் இடது ஓரத்தில் என் கையை நீட்டி விரலை ஆட்டினேன். கை தெரிகிறதா என்று கேட்டேன். “முதல்ல கையைக் காட்டுடீ” என்றாள்.

நான் கையை இறக்கினேன். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தேனே என்றாள். படித்தாள்தான், நானும் கூட இருந்தேன். எழுத்து நேர் எதிரே அல்லவா இருந்தது. போன மாதம் ஷெட் கேட்டில் பஸ்ஸின் இடப்பக்கம் உரசியதும், கேட்டுத் தூணை யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்று இவள் வாட்ச்மேனோடு சண்டை போட்டதும் எனக்கு ஞாபகம் வந்தன. அந்தத் தூண் இவள் பிறப்பதற்கு முன்னாலிருந்து அங்கேயே நிற்கிறது. அவளுக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இடப்பக்கம்தான் பஸ்ஸின் கதவு இருக்கிறது. பிள்ளைகள் இறங்கி ஓடுகிற பக்கம் அது.

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிட்டு, சாயங்காலம் டாக்டர்கிட்ட போய்க் காட்டலாமா?” என்றாள். பஸ்ஸை விட்டால் தனக்கு வேறென்ன தெரியும் என்று அந்தக் குரல் கேட்டது.

டிவியில் அந்த ஆள் இன்னும் தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தான். அக்கா குதிரையிலிருந்து இறங்கி, செத்த குதிரையைத் தூக்கி, அவனை வெளியே இழுத்தாள். அவன் நன்றி சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனான். அவன் கண்ணை விட்டு மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, ஸ்டீயரிங்கைக் கீழே வைத்தாள். “சூப்பர்வைசருக்கு போன் போடு” என்றாள்.

அவர் கத்தினார். ஞாயிற்றுக்கிழமை சொன்னால் மாற்று டிரைவருக்கு எங்கே போவேன் என்றார். உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. “எனக்கு இடப்பக்கம் தெரியல சார்” என்றாள். சரி, வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார் அவர். பிறகு இவள்தான் பேசினாள். வருகிறவரிடம் தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் மெதுவாக வரச் சொல்லுங்கள், கண்ணாடி போட்ட குட்டிப்பெண் வண்டி நிற்பதற்கு முன்பே எழுந்துவிடுவாள், கடைசி வீட்டுப் பையனுக்கு முன் சீட்டில் இடம் கொடுக்காவிட்டால் தலை சுற்றும், கதவைச் சாத்தும் முன் குனிந்து கீழே பார்க்கச் சொல்லுங்கள், கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே போனாள். போனை வைத்ததும் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மடித்து வைத்த துணியையெல்லாம் எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள். நான் மடித்தது சரியில்லையாம்.

மறுநாள் கண் டாக்டரம்மா அவள் நெற்றியைப் பட்டையில் பொருத்தி, விளக்கடித்து, பொட்டு பொட்டாய் வெளிச்சம் காட்டும் மெஷினில் உட்காரவைத்து, வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பை அரித்திருக்கிறது. இடக்கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலக்கண்ணிலும் மூக்குப் பக்கம் தொடங்கியிருக்கிறது. போனது திரும்பாது. சொட்டு மருந்தை நாள் தவறாமல் விட்டுவந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். பஸ் இனிமேல் கூடாது. இவ்வளவையும் அவர் மெதுவாகத்தான் சொன்னார். வலி இருக்காது, தெரியாத இடத்தை மூளையே பக்கத்தில் இருப்பதை வைத்து நிரப்பிவிடும், அதனால் முக்கால்வாசிப் பேர் எங்கேயாவது மோதிக்கொண்ட பிறகுதான் வருகிறார்கள், நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“குதிரை ஓட்டும்போது, டாக்டர்” என்றாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, என் அக்காவின் நரைத்த முடியையும் டிரைவர் சட்டையையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்கா கொஞ்சமும் அசரவில்லை. குதிரை தொடர்ந்து ஓட்டலாமா என்று கேட்டாள். மெதுவாகப் போனால் ஓட்டலாம் என்றார் டாக்டரம்மா, எதையோ புரிந்துகொண்டவர்போல.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று படியிறங்கும்போது சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதைச் சொன்னேன். எனக்கே நான் சொன்னது பிடிக்கவில்லை. போனது அவளுடைய தலைப்பாகை அல்லவா.

ஆஸ்பத்திரி வாசலில் பெரிய சாலை. லாரியும் பைக்குமாக ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. நான் அவளுடைய வலப்பக்கம் நின்று, கையைக் கொடு அக்கா என்றேன். நான் என்ன பச்சைப் பிள்ளையா என்று கையை உதறினாள். வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். சாலை ஒரு தடவை காலியாயிற்று, அவள் இறங்கவில்லை. இன்னொரு தடவையும் காலியாயிற்று. பிறகு என் முழங்கையைப் பிடித்து, தனக்கு முன்னால் சுற்றி இழுத்து, என்னைத் தன் இடப்பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.