நின்று காத்த பியானோ

பெடலை ஓங்கி மிதித்தாள். பியானோ வேகமெடுக்கவில்லை. முந்தைய சுரங்கள் அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பின.

"அது தையல் மிஷின் இல்லடி, மிதிச்சா ஓடறதுக்கு," என்றார் கணவர், சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடி. பேருந்து ஓட்டுநர், ஞாயிறு விடுப்பு.

"இருபத்தாறு வருஷமா மிதிச்ச காலுங்க. சொன்னா கேக்குமா?"

தொழிற்சாலையில் அவள் சட்டைக்குக் கை தைப்பவள். கை மட்டும்தான். காலருக்கு ஒருத்தி, பைக்கு ஒருத்தி. முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்ததே இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மேற்பார்வையாளர் அந்த இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார். வரிசை யாருக்காகவும் நிற்காது.

அந்த மின்னணுப் பியானோ ஒரு வாரம் வாசித்துப் பார்க்கக் கடையிலிருந்து வந்தது. நாளை காலை கடைக்காரர் வருவார். ஒரு பாட்டையாவது கடைசிவரை வாசித்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவது என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். ஆறு நாளாகியும் ஒன்றுகூட முடியவில்லை.

வந்த அன்றே மேல்மூடியைத் திறந்து பார்த்துவிட்டாள். நிஜப் பியானோவைப் போலவே உள்ளே சுத்தியல்கள் வரிசையாக இருந்தன. அடிக்கத்தான் கம்பி இல்லை. சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது.

வயலின், டிரம் எல்லாம் கூடவே ஒலிக்கவைக்கும் பக்கவாத்தியப் பொத்தானை மட்டும் தொடவில்லை. அத்தனை பேரோடு உட்கார நான் யார் என்ற கூச்சம். இப்போது, போனால் போகிறது என்று அதை அழுத்தினாள். கையேட்டில் சொல்லியிருந்தபடி பக்கத்திலிருந்த சின்னப் பொத்தானையும் அழுத்தினாள்.

வயலின்கள் எழுந்தன. டிரம் மெல்லத் தட்டியது. மூன்றாவது வரியில் விரல் பிசகியது. பக்கவாத்தியம் தன்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று தோளைக் குறுக்கினாள்.

போகவில்லை. வயலின்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்தச் சின்னப் பொத்தானின் வேலை இதுதான்.

"என்னாச்சு, கெட்டுப்போச்சா?"

"இல்லங்க. எனக்காக நிக்குது."

"எது?"

"எல்லாமே."

அவர் கத்தியும் கையுமாக வந்து நின்றார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு முப்பதுவரை எண்ணினாள். யாரும் எழுந்து போகவில்லை. அவள் இடத்தில் வேறு யாரும் வந்து உட்காரவுமில்லை. சரியான கட்டையைத் தேடி அழுத்தினாள். வயலின்களும் டிரம்மும் அவளோடு ஒருசேர நகர்ந்தன.

இன்னும் ஐந்து இடத்தில் தடுக்கினாள். ஐந்து முறையும் நின்றது. பாட்டு முடிந்து கடைசிச் சுரம் அடங்கியது.

"ஓடிவர ஆளுக்குக்கூட நான் பஸ்ஸ இவ்ளோ நேரம் நிறுத்தினதில்லடி," என்றார்.

மறுநாள் பத்து மணிக்குக் கடைக்காரர் வந்தார். வைத்துக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்திட்டாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். பியானோவைச் சுவரோரம் நகர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மதியம் இரண்டாம் ஷிப்டுக்கு வேலைக்குப் போனாள்.