வாட்ச்சின் பின்பக்கம்

வாட்ச் விற்கிறவன் உண்மையானவனா இல்லையா என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். முள்ளை நாலே காலில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு கரண்டியை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். கையில் பொருள் இருக்கிறவனுக்கு ஒரு நிமிட வேலை. இல்லாதவன் என்ன செய்வான்? ஒருவன் கோபித்துக்கொண்டான். ஒருவன், வேறு ஆட்கள் கேட்கிறார்கள், சீக்கிரம் டெப்போசிட் போடுங்கள் என்று பறந்தான். இன்னொரு மகாராசன் வேறு யாரோ போட்டிருந்த படத்தையே இடம் வலமாகத் திருப்பி அனுப்பினான். எண்களெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தன. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவிடம் இந்த வேலையெல்லாம் நடக்குமா? பரீட்சையில் எத்தனை காப்பியைப் பிடித்திருக்கிறேன் நான்.

எனக்கு வாட்ச் பைத்தியமெல்லாம் கிடையாது. தேடியது அப்பாவின் வாட்ச்சை.

இங்கே மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டில் நானும் அப்பாவும்தான். ரவாங்கில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போயிருந்த நேரம் திருடன் புகுந்துவிட்டான். வார் அறுந்துபோனதால் அன்றைக்கு மட்டும் அப்பா வாட்ச்சைக் கழற்றி சாமி மேடையில் வைத்திருந்தார். போய்விட்டது. பூட்டை அறுத்திருக்கிறார்கள் என்று போலீஸ்காரர் காட்டியும் அப்பா கேட்கவில்லை. “நான்தான் கிரில் கதவ சரியா பூட்டல” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் வாசலைத் தாண்டவில்லை. கோயிலுக்குப் போவதில்லை, எதிர்க்கடை டீக்கும் போவதில்லை. பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், போய் உட்காருவார், மறுபடி எழுந்து வந்து இழுத்துப் பார்ப்பார். மனுஷன் இப்படியே இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். வாட்ச் கிடைத்தால் வெளியே வருவார் என்று நானாக நம்பிக்கொண்டேன்.

அப்பா ரயில் ஓட்டியவர். ஆயுத பூசைக்கு ஊரெல்லாம் காருக்கும் லோரிக்கும் பொட்டு வைக்கும். ரயிலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே, அதனால் அவர் வாட்ச்சுக்கு வைப்பார். வருஷா வருஷம் வைத்து வைத்து, வார் கோக்கிற மூலையில் குங்குமம் ஏறிப்போய் எத்தனை துடைத்தாலும் போகாது. பின்பக்கத்தில் அவரே ஊசியால் கீறிய முதலெழுத்து இருக்கும்.

பூச்சோங் ஊர்க்காரர் ஒருவர் இணையத்தில் போட்டிருந்த படத்தில் அந்தச் சிவப்பு இருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே வெள்ளை முகப்பு, அதே குட்டி விநாடி முள். கரண்டிப் படம் கேட்டேன், உடனே வந்தது. ஆனால் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னால் மட்டும் நழுவினார். ‘நேர்ல வாங்க பாஸ், காட்டுறேன்’ என்றே எழுதினார். எழுத்தை மறைக்கிறான் திருட்டுப் பயல் என்று முடிவே கட்டிவிட்டேன். போலீஸுக்குச் சொல்லலாம், அதற்குள் கைமாறிவிட்டால்? எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் ஆள் மறைந்துவிடுவானே? சந்தேகமே இல்லாத அப்பாவிபோலச் சரி என்று எழுதினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் கூட்டமான ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை அவரே சொன்னார். அதுவும் சந்தேகமாக இருந்தது. அப்போது எனக்கு எதுதான் சந்தேகமாக இல்லை? பள்ளியில் மீட்டிங் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, போலீஸ் ரிப்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

நாற்பது வயதுக்காரர், தொழிற்சாலைச் சட்டையோடு வந்தார். வாட்ச்சின் வாரை விரல்களில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார்.

“அக்காவா? உங்க அக்கவுண்ட்ல போட்டோவும் இல்ல, பேரும் இல்ல. பறிச்சிட்டு ஓடுற கும்பல்னு பயந்துட்டேன் லா.”

“இந்த மூலையில என்ன தம்பி, சிவப்பா?” என்றேன்.

“குங்குமம்க்கா. எங்கப்பா லோரி ஓட்டுனாரு. ஆயுத பூசைக்கு லோரிக்கு வச்ச கையோட இதுக்கும் ஒரு பொட்டு வைப்பாரு.”

என் அப்பா ஒருவர் மட்டும் செய்கிற கிறுக்கு என்று நான் நினைத்திருந்தேன். பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கித் திருப்பினார். ஊசிக் கீறல் எதுவும் இல்லை. அழகாகப் பொறித்த ஒரு முழுப்பெயர், வேறு யாரோ ஒருவருடையது.

“இதை ஏன் படத்துல போடல?”

“செத்துப்போன அப்பா பேருக்கா. நெட்டுல போட்டு வெலை சொல்ல மனசு வரல. வீட்ல நாலு பேருக்கும் இதுதான் வேணும்னு ஒரே சண்டை. வித்துடுன்னு அம்மா சொல்லிட்டாங்க.”

கைப்பையைத் தொடவே கூசியது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ரசத்தின் மேல் பழி போட்டேன். பிறகு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர், “உங்கப்பாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்கக்கா. அவருக்குப் பிடிச்சா அவரே கட்டிக்கட்டும்” என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொய் சொல்லிவிட்டுப் போனதற்குத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் திட்டியது அந்த மனிதரை.

“அப்பன் பேரு போட்ட வாட்ச்ச எவனாச்சும் விப்பானா? நல்லா கதை விடுறான். காதுல வச்சுக் கேட்டியா? சாவி குடுத்துப் பாத்தியா?”

இரண்டும் செய்யவில்லை. கரண்டிவரை யோசித்த மூளைக்கு அது தோன்றவே இல்லை.

“உன்னைத் தனியா விட்டா தலையில மொளகா அரைச்சிடுவான். இரு, நானும் வரேன்.”

கேட்டதும் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டேன். நான் ஏதாவது சொல்லி அவர் மனசு மாறிவிடப் போகிறதே என்று பயம்.

சனிக்கிழமை காலையில் காரை வெளியே எடுத்து நிறுத்தினேன். பூட்டுவது எப்போதும் அவர் வேலை. கிரில் சாத்தும் சத்தம் கேட்டது, வேகமாக வந்து ஏறிக்கொண்டார். “என் பொண்ணுன்னா இளிச்சவாயின்னு நெனைச்சானா” என்று வழியெல்லாம் ஒரே திட்டு. கோபம் வந்தால் கையை ஆட்டிப் பேசுவார். டோல் தாண்டியபிறகுதான் அந்தக் கையைப் பார்த்தேன். அதில் எங்கள் வீட்டுப் பூட்டு இருந்தது, திறந்தபடி.

வீடு திறந்து கிடக்கிறது. சொன்னால் திரும்பச் சொல்வார். திரும்பி உள்ளே போனால் மறுபடி வெளியே வருவாரா?

அவர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பூச்சோங் பக்கம் வண்டியை விட்டேன்.