சாம்பார் வாளிக்கு எழுந்து நின்றவன்

சாம்பார் வாளி பக்கத்தில் வரும்போது நான் இலையைத்தான் பார்ப்பேன். பந்தியில் என்னோடு உட்காருகிறவர்கள் இதைச் சாப்பாட்டின் மேல் உள்ள பக்தி என்று நினைக்கிறார்கள். என் மனைவி மட்டும், "பரிமாறுறவங்களப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா கொறஞ்சா போயிருவீக?" என்று கேட்பாள். வாளியைப் பார்ப்பேன், கரண்டியைப் பார்ப்பேன், கரண்டி பிடித்த மணிக்கட்டு வரைக்கும்கூடப் பார்ப்பேன். அதற்கு மேலே ஏறிப் பார்க்கும் துணிச்சல் நாலைந்து வருஷமாக எனக்கு இல்லை.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் அலுவலகத்தில் எழுத்தர். எங்களுக்கு மேலே ஹெட் கிளார்க். மேலாளர் அவரை 'ஹெட் கிளார்க்' என்றே கூப்பிடுவார், எங்களுக்கு அவர் 'சார்'. அவர் பெயரை நான் பார்த்தது சம்பளப் பட்டியலில் மட்டும்தான். சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். காதில் மாட்டும் கம்பி உடைந்து, நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி. காலையில் அவர் வாசல்படி தாண்டியதும் பதினோரு நாற்காலிகள் கிறீச்சென்று பின்னால் நகரும். அவர் வலது உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை இரண்டு முறை அமுக்கி, "இருங்க, இருங்க" என்பார். உட்காருவோம். பதினெட்டு வருஷம் நான் அப்படி எழுந்தேன். சம்பளத்துக்காகச் செய்த காரியங்களில் பிழையே இல்லாமல் செய்தது அது ஒன்றுதான்.

ஃபிட்டர் ஒருவர் ஷிப்ட் முடிந்ததும் ஆட்டோ ஓட்டுகிறார் என்று மேலாளர் காதுக்கு எட்டியது. உடனே ஒரு சுற்றறிக்கை. 'முழுநேரப் பணியில் உள்ளோர் பிற இடங்களில் ஊதியம் பெற்று பணிபுரியக் கூடாது. மீறினால் பணிநீக்கம்.' ஹெட் கிளார்க்தான் தட்டச்சு செய்தார். மேலாளர் எழுதிக் கொடுத்ததில் 'பெற்று'க்குப் பக்கத்தில் ஒரு 'ப்' விட்டுப்போயிருந்ததை மேலாளருக்கே எடுத்துச் சொல்லித் திருத்தினார். படித்துப் பார்த்ததாக எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்து அவருடையது, இரண்டாவது என்னுடையது. மேலாளர் அந்த நாட்களில் மனைவி பெயரில் கழிவுப் பஞ்சு வியாபாரம் செய்துவந்தார். அது வேலை இல்லை, முதலீடு என்று எங்களுக்கு விளக்கப்பட்டது.

ஹெட் கிளார்க்கின் மகள் மதுரையில் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சம்பள முன்பணம் கேட்டு அவர் கொடுத்த மனுவுக்கு 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. எல்லோருடைய மனுவுக்கும் முப்பது வருஷமாக அந்த வார்த்தையை வரைந்து கொடுத்தவர் அவர்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சேத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்து, பஸ் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் பரிமாறப் போயிருக்கிறார். இரண்டு பஸ் தள்ளியிருந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. கொரோனாவுக்குப் பிறகு பரிமாறுகிறவர்களுக்குத் தொப்பியும் முகக்கவசமும் கட்டாயம். அவருக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

மில்லுக்குப் பஞ்சு கொடுக்கும் வியாபாரி வீட்டுக் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்தது. என் வலது பக்கத்து இலையில் மேலாளர். மெரூன் சட்டை போட்ட ஒருவர் வாளியோடு வந்தார். சோற்றில் நான் போட்டிருந்த குழியில், ஒரு சொட்டு வெளியே போகாமல், ரப்பர் ஸ்டாம்ப் வைப்பதுபோலச் சாம்பாரை வைத்தார். நிமிர்ந்தேன். முகக்கவசத்துக்கு மேலே நூல் சுற்றிய கண்ணாடி.

எழுந்து நின்றேன். அவரை அடையாளம் கண்டு எழுந்தேன் என்று சொன்னால் பொய். கால் எழுந்துவிட்டது, புத்தி செத்த நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். கரண்டி பிடித்த கையாலேயே காற்றை இரண்டு முறை அமுக்கி, "இருங்க, இருங்க" என்றார். மேசை விரிப்பில் இரண்டு சொட்டு விழுந்தது.

"யாருய்யா அது? எதுக்கு எந்திரிச்சீரு?" என்றார் மேலாளர்.

கால் மரத்துப்போச்சு என்றிருக்கலாம். ரசம் மடியில் கொட்டிவிட்டது என்றிருக்கலாம், ரசம் இன்னும் வராவிட்டாலும். அலுவலகத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு நையாண்டி வைத்திருப்பவன் என்று எனக்குப் பெயர். அலமாரி நிறையப் புத்தகம் படித்தவன் வேறு. அத்தனையும் சேர்ந்து என் வாயில் வந்தது இதுதான்: "நம்ம சார், சார்."

மேலாளர் "ம்" என்றார். பிறகு இன்னொரு அப்பளம் கேட்டார். ஹெட் கிளார்க் வரிசையை முடிக்காமல் போகவில்லை. கடைசி இலை வரை போய்த் திரும்பி வந்து, மேலாளருக்கு இரண்டாம் முறையும் ஊற்றினார்.

திங்கட்கிழமை, பணிநீக்கமா ராஜினாமாவா, எது வேண்டும் என்று கேட்டார்கள். ராஜினாமாக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்தார், அலுவலகத்தில் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. ஓய்வு பெறுகிறவர்களுக்கு மாலை போட்டு மில் காரில் வீடு வரை கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். எத்தனையோ பேருக்கு அந்தக் காரை ஏற்பாடு செய்தவர் அவர். சேத்தூரில் அவர் தெருவுக்குள் அந்தக் கார் நுழைகிற நாளைப் பற்றி ஒரே ஒரு தடவை என்னிடம் பேசியிருக்கிறார், தெரு குறுகல், ரிவர்ஸ் எடுப்பதுதான் சிரமம் என்று. அலமாரிச் சாவியை என்னிடம் கொடுக்கும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடுலே. நீ எந்திரிச்சதுல ஒண்ணுமில்ல. நான் 'இருங்க'ன்னு சொன்னேன் பாரு, அதுதான் என்னியக் கெடுத்துச்சு" என்றார். சேத்தூர் பஸ்ஸில் போனார். அதற்குப் பிறகு அவருக்கு வாரநாள் முகூர்த்தங்களும் கிடைத்ததாகவும், மகள் படிப்பை முடித்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி, போய்ப் பார்க்கவில்லை.

அவர் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் என் மகனுடைய கல்லூரிக்காக முன்பணம் கேட்டு மனுக் கொடுத்தேன். பதிலை வரைவு செய்யும் பொறுப்பும் என்னுடையது என்பதால் 'பரிசீலிக்கப்படும்' என்று எனக்கு நானே எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். சுற்றறிக்கை இன்னும் பலகையில்தான் இருக்கிறது, அவர் போட்ட 'ப்' உட்பட. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில், தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு எடை போட்டுக் கொடுக்கிறேன். கோயில் கூட்டம் நெருக்கும். தராசைத்தான் பார்ப்பேன்.

அலுவலகத்தில் யாரும் எனக்காக எழுந்திருக்கக் கூடாது என்று முதல் மாதமே சொல்லிவிட்டேன். "நம்ம சாருக்கு எம்புட்டுத் தன்னடக்கம்" என்று பேசிக்கொள்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் பழக்கம் லேசில் விடுமா? போன வெள்ளிக்கிழமை புதிதாகச் சேர்ந்த பெண் எழுத்தர், என்னைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சார், ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஆண்டாள் கோயிலுக்குப் போறோம். பால்கோவா எந்தக் கடையில நல்லாருக்கும்?" என்று கேட்டார். வேறு ஒரு தெருவில் இருக்கும் கடையைச் சொன்னேன். அந்தம்மா இன்னும் நின்றுகொண்டே இருந்தார். என் வலது கை தானாக மேலே வந்தது. இடது கையால் அதைப் பிடித்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.