தீம் பார்க்குக்குத் தாம்பூல அழைப்பு

அரியலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகும் சந்தில் வெற்றிச்செல்வி ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். பிறந்தது பெரம்பலூர் பக்கம் குன்னத்தில். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் பாக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் தமிழரசனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். ரவிக்கைத் துணி கொடுத்தால் சொன்ன தேதியில் தைத்துக் கிடைக்கும். கை பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று யாரும் அவள் கடைக்குத் திரும்பி வந்து நின்றதில்லை.

ஆனால் புகுந்த வீட்டில் அவள் கடைசி மருமகள். கல்யாணமோ காதுகுத்தோ, பேச்செல்லாம் மூத்தவர்களோடு முடிந்துவிடும். "செல்வி, இந்த ரவிக்கையெல்லாம் புதன்கிழமைக்குள்ள வேணும்" என்கிற கடைசி வரி மட்டும்தான் அவளிடம் வந்து சேரும். அதனால்தான் இந்த மே மாத விடுமுறைக்குக் குடும்பமே ஒன்றாகத் தீம் பார்க் போகலாம் என்று அவள் சொன்ன யோசனையை எல்லாரும் ஒத்துக்கொண்டபோது, அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை. சென்னை போகும் பெரிய சாலையோரம் இருக்கும் பார்க் அது. செயற்கை அலை அடிக்கும் குளம் ஒன்று அதில் உண்டு. அண்ணன் தம்பி நான்கு பேரின் குடும்பங்கள், அக்கா குடும்பம், மாப்பிள்ளைகள், பிள்ளைகள் எல்லாருக்குமாகப் பெரிய வேனுக்குச் சொல்லியாயிற்று.

மூத்தவர் கொளஞ்சியப்பனின் மகள் பிரவீணா கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்பில் செய்தியைப் போட்டாள். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஆண்டிமடத்திலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையில் எல்லாருடைய போனிலும் ஒரு வரி வந்து நின்றது: சிந்தாமணி வெளியேறினார்.

சிந்தாமணி, நான்கு தம்பிகளுக்கும் மூத்த அக்கா. தாய் இறந்தபின் தம்பிகளை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவள் வந்து நிற்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு பால் காய்ச்சியது கிடையாது. சாயங்காலமே கொளஞ்சியப்பன் தையல் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"என்னம்மா செல்வி, அக்கா குரூப்ப வுட்டே போயிடுச்சு?"

"தெரியலைங்க மாமா. எல்லாருக்கும் போன மாதிரிதான் அண்ணிக்கும் போச்சு."

"அதான் தப்பு. எல்லாருக்கும் போன மாதிரியா அதுக்கும் போவும்? தெருவுல நோட்டீஸ் குடுத்த மாதிரி ஆயிப்போச்சுல்ல. அக்கா வரலைன்னா நாங்க நாலு பேரும் வேன்ல ஏற மாட்டோம். சொல்லிட்டேன்."

"எங்கூட்டுக்காரருமா?"

"கேட்டுப் பாரு."

கேட்டாள். தமிழரசன் பின்னந்தலையைச் சொறிந்தான். "எங்கக்காவப் பத்தி ஒனக்குத் தெரியாதா? எங்க சித்தப்பா செத்ததுக்கே ஆளு நேர்ல வந்து சொன்னப்புறந்தான் மாலை வாங்கப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வண்டியில் கிளம்பினார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஜெயங்கொண்டம் தாண்டுவதற்குள் இருவர் தலையும் வெளுத்திருந்தது. வெற்றிச்செல்வியின் மடியில் எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம், குங்குமம். பத்திரிகை வைக்கும் இடத்தில் என்ன வைப்பது என்று யோசித்துவிட்டு, பார்க் விளம்பரக் காகிதத்தை நான்காய் மடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தாள்.

ஆண்டிமடத்தில் சிந்தாமணியின் வீட்டுக்காரர் பண்ருட்டிக்கு முந்திரி லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். வாசலில் உலர்ந்த கொட்டையைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த சிந்தாமணி தட்டைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றாள்.

"அண்ணி, நாங்க எல்லாரும் தீம் பார்க் போறோம். நீங்க முன்னாடி வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்."

தமிழரசனுக்குச் சிரிப்பு முட்டியது. அக்காள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். சிந்தாமணி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"மதிச்சு வந்தீங்க, சந்தோசம். காப்பி குடிச்சுட்டுப் போங்க. நான் வரலை."

"ஏன்க்கா? அதான் நேர்ல வந்துட்டோம்ல."

"கொட்ட பொறுக்கணும்டா."

"தோப்புல ஒரு பழங்கூட இல்ல. பாத்துட்டுத்தான் வரேன்."

"முட்டி வலிக்குது."

"காலையில ஆறு சாக்கு தூக்கி வச்சியாம். பக்கத்து வூட்டுல சொன்னாங்க."

"எல்லாத்தையும் விசாரிச்சுக்கிட்டு வந்துருக்கான் பாரு, போலீசு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போனாள்.

வெற்றிச்செல்வி பின்னாலேயே போனாள். பயணம் நின்றுபோனால் இனி எந்தக் காரியத்திலும் அவள் யோசனையை யாரும் கேட்கப்போவதில்லை. கடைக்குட்டி, ரவிக்கையோடு நிறுத்திக்கொள் என்று சொல்லாமல் சொல்லிவிடுவார்கள். அடுப்பில் பால் பொங்க இருந்தது. சிந்தாமணி பாலைப் பார்க்கவில்லை. அந்த விளம்பரக் காகிதத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலைக் குளத்தில் உடம்பை ஒட்டிய நைலான் உடுப்போடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இத மாட்டுனாத்தான் தண்ணிக்குள்ள வுடுவானாம்ல? பக்கத்து வூட்டுப் பாப்பாத்தி போயிட்டு வந்து சொன்னா. பொடவ ஆவாதாம். நூல் துணி ஆவாதாம். வாடகைக்கு இந்தக் கருமத்தத்தான் குடுப்பானாம்." குரல் இறங்கியது. "எம் மருமவன் நிப்பாரு. தம்பிங்க நிப்பானுங்க. இத மாட்டிக்கிட்டு அவங்க எதுருல எப்புடிம்மா நிக்கிறது?"

வெற்றிச்செல்வி பாலை இறக்கி வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"இம்புட்டுத்தானா அண்ணி? நைலான் வேணும்னுதான் சொல்றான். இப்புடித்தான் தச்சிருக்கணும்னு சொல்லலியே. நான் எதுக்கு இருக்கேன்?"

டேப் கொண்டுவரவில்லை. சாக்குத் தைக்கும் சணலில் ஒரு முழத்தை அறுத்து எடுத்து, தோளுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு போட்டாள். முழம் பற்றவில்லை. இன்னொரு துண்டைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சிந்தாமணி கையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"பச்சையில வேணாம்" என்றாள் சுவரிடம். "மெரூன்ல தை."

வெளியே காப்பிக்குக் காத்திருந்த தமிழரசனுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அண்ணனுக்கு உடனே போன் போட்டான்.

திருச்சிக்குப் போய்த் துணி எடுத்தாள் வெற்றிச்செல்வி. முழுக்கை, முட்டிக்குக் கீழே இறங்கும் மேலுடுப்பு, உள்ளே கால்சட்டை, மேலே தாவணி போல ஒரு மடிப்பு. நீரில் மிதக்காதபடி மடிப்பைச் சேர்த்தே தைத்துவிட்டாள். முதல் உடுப்பைத் தானே மாட்டிக்கொண்டு கொளஞ்சியப்பனின் பம்புசெட்டுத் தொட்டியில் இறங்கிப் பார்த்தாள். கீழ்ப்பக்கம் காற்றுப் பிடித்துப் பூசணிக்காய் மாதிரி உப்பி மேலே வந்தது. பிரவீணா வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, அத்தை மெதந்து சென்னைக்கே போயிடுவாங்க." வெற்றிச்செல்வி பக்கவாட்டில் இரண்டு வெட்டு விட்டாள், விளிம்பில் பட்டையாக ஒரு மடிப்பு வைத்தாள். மறுபடி இறங்கினாள். துணி அடங்கி நின்றது.

விஷயம் பரவி, மற்ற மருமகள்களும் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஒரே துணிக்கட்டு, ஆகவே ஒரே மெரூன். கிளம்பும் நாள் விடியலில், உடுப்பைப் பையில் வைத்தால் கசங்கும் என்று எல்லாப் பெண்களும் போட்டுக்கொண்டே வந்து வேனில் ஏற, கொளஞ்சியப்பன் கதவருகே நின்று தலையில் கைவைத்தார்.

"ஏம்மா, மேல்மருவத்தூர்ல வண்டிய நிறுத்திடாதீங்க. கோயிலுக்கு வந்த கூட்டம்னு வரிசையில சேத்துடுவாங்க."

அலைக் குளத்து வாசலில் காவலாளி ஒருவர் ஒவ்வொருவர் துணியையும் விரலால் தேய்த்துப் பார்த்து உள்ளே விட்டார். சிந்தாமணியின் முறை வந்தது. வெற்றிச்செல்வி எட்டிப் பார்த்தாள். அவர் கைப்பட்டியைத் தேய்த்தார், ஈரக் கையை வைத்துப் பார்த்தார், தலையாட்டினார். "எங்கம்மா வாங்குனீங்க? நல்லாருக்கே."

"எங்கூட்டுப் பொண்ணு தச்சது" என்றாள் சிந்தாமணி. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு வந்ததிலிருந்து தன்னை நாத்தனார் அப்படிச் சொல்லி வெற்றிச்செல்வி கேட்டது அதுதான் முதல்முறை.

அடுத்து நின்ற கொளஞ்சியப்பனின் அரைக்கால் சட்டை நூல் துணி. காவலாளி கையை நீட்டி வழியை மறித்தார். வாடகைக் கவுண்டரில் அவர் அளவுக்குக் கிடைத்தது ஆரஞ்சு நிறத்தில் மீன் படம் போட்டது ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது சிந்தாமணி கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "மாப்ள, மீனு தண்ணிக்கு வந்துடுச்சு" என்று மருமகனுக்குக் காட்டினாள். பிறகு யாரும் அவளைக் கரையில் பார்க்கவில்லை. ஒவ்வொரு அலைக்கும் ஒரு குதி. மதியச் சாப்பாட்டையே மறந்தாள்.

மாலையில் விசில் அடித்துக் குளத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். எல்லாரும் கரையேறிவிட்டார்கள், சிந்தாமணி மட்டும் ஏறவில்லை. தமிழரசன் கூப்பிட்டான். மருமகன் கூப்பிட்டார். காவலாளி கொளஞ்சியப்பனிடம் வந்து, "பெரியவரே, அந்தம்மாவ நீங்க சொல்லிக் கூப்புடுங்க" என்றார்.

"நான் எங்க சொல்றது? எங்களுக்கெல்லாம் பெரியவங்களே அதுதான்."

வெற்றிச்செல்வி துவட்டிய துண்டைக் கீழே போட்டாள். மறுபடி தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு ஆழம்வரை நடந்து, நாத்தனார் எதிரில் போய் நின்று சொன்னாள். "அண்ணி, வாங்க. வேன் கெளம்புது."

சிந்தாமணி முகத்து நீரை வழித்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ம். இப்புடி நேர்ல வந்து கூப்புட்டா வரப்போறேன்" என்று கரையைப் பார்த்துச் சொன்னாள். "அங்கேருந்து கத்துறானுங்க, குரூப்புல போடுற மாதிரி."