என் கணவர் சொன்ன சாட்சி

ஐம்பதுகளின் நடுவில் என் கணவர் பட்டாளத்தில் நாயக்காக, ஹவில்தாருக்கு ஒரு படி கீழே, இருந்தார். எல்லைப் பக்கம் ஏதோ ஒரு மலைப்பிரதேசம். அங்கே கலகம் நடக்கிறது என்பதற்கு மேல் கடிதத்தில் எழுத அனுமதி இல்லை. நான் திருவண்ணாமலையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்துகொண்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். இருவரும் விதைக்கு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பை ஆரஞ்சோடு வந்து நின்றார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் கணவரின் கம்பெனியில் இருந்த ஒரு ஹவில்தாருக்குச் சொந்தக்காரராம்.

"உன் வீட்டுக்காரரு ஒரு கேஸ்ல சாட்சி சொல்லப் போறாரு. தெரியுமா தங்கச்சி?"

தெரியாது என்றேன்.

"ஒரு ஊர்ல சோதனை போட்டப்ப ஹவில்தாரு தப்பா நடந்துக்கிட்டாருன்னு ஒரு பொம்பளை சொல்லுது. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ! பாத்தேன்னு சொல்றது உன் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். சரியாத் தெரியலைன்னு சொல்லிட்டாருன்னா விஷயம் முடிஞ்சுது. இல்லன்னா பிரமோஷன் போச்சு. கூட இருக்கறவன்கூட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டான். நீ ஒரு லெட்டர் போடும்மா."

அவர் போனதும் மாமனார் உரித்த தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு, "எழுதிடும்மா. நம்ம புள்ளைக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார்.

எழுதினேன். மாமனார் சொன்னதற்காக எழுதினேன் என்று இப்போது தப்பித்துக்கொள்ள மாட்டேன். நானே பயந்துதான் எழுதினேன். நீங்கள் நல்லபடியாகத் திரும்பி வந்தால் போதும், ஊர் விவகாரம் நமக்கு வேண்டாம் என்று இரண்டு பக்கம். அந்தப் பெண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "கடிதம் கிடைத்தது. சாட்சி சொல்லிவிட்டேன். மற்றவை நேரில்."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு மாதம் பதில் போடவில்லை. அவர் லீவில் வந்தபோதும் சோறு போட்டேனே தவிர சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, "மலை சுத்திட்டு வரலாம், வா" என்றார். அடி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த ஊரு ஆம்பளைங்களை எல்லாம் மைதானத்துல உக்கார வெச்சுட்டோம். நான் ஒரு சந்து முனையில காவல். ஹவில்தார் ஒரு வீட்டுக்குள்ள போனாரு. உள்ள அலறல் கேட்டுச்சு. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். என் நெஞ்சுல துப்பாக்கியை வெச்சு வெளியில தள்ளிட்டாரு. அதுக்குள்ள பாத்துட்டேன்."

நான் தலை குனிந்துகொண்டேன்.

"நாலாம் நாள் அந்தப் பொண்ணு கேம்ப்புக்கு வந்துச்சு. தனியா இல்ல, மாமியாரும் கூட. ஒரு பகல் முழுக்க நடந்து வந்திருக்குதுங்க. கர்னல் விசாரிச்சாரு, எங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சாரு. அந்தப் பொண்ணு உன் உசரம்கூட இருக்காது. ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் நிமுந்து பாத்துக்கிட்டே வந்துச்சு. எல்லார் கையிலும் துப்பாக்கி. ஹவில்தார் முன்னாடி வந்ததும் நின்னுச்சு. விரலை நீட்டிக் காட்டுச்சு. நீட்டின விரலை மடக்கல."

"அப்புறம்?"

"அந்தாளு சிரிச்சாரு. பொய்னு சொன்னாரு. யாராவது பாத்தீங்களான்னு கர்னல் கேட்டாரு. ஒருத்தனும் வாய் திறக்கல. அந்தப் பொண்ணு எங்களையே பாத்துக்கிட்டு நிக்குது. நான் ஒரு அடி முன்னால வந்தேன். அவ்வளவுதான்."

"என் லெட்டர்..."

"கோர்ட்டுக்கு முந்தின நாள் வந்துச்சு. படிச்சேன். உன் பயம் புரிஞ்சுது. ஆனா அவ்வளவு தூரம் நடந்து வந்தவ முன்னால நின்னு, சரியாத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

ராணுவக் கோர்ட்டில் விசாரணை ஆறு நாள் நடந்ததாம். அந்தப் பெண்ணை இரண்டு நாள் துருவித் துருவிக் கேட்டார்களாம். மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தையை மழுப்பிச் சொன்னபோது, அவள் அதைப் புரிந்துகொண்டு, அதே வார்த்தையை மறுபடி உரக்கச் சொன்னாளாம். ஹவில்தாரின் பதவிப் பட்டையைப் பிடுங்கி, பட்டாளத்தைவிட்டு நீக்கிச் சிறைக்கு அனுப்பினார்கள். அந்தக் கர்னல் நினைத்திருந்தால் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தோடு மூடியிருக்கலாம். மூடவில்லை என்பதை இவர் எப்போதும் மரியாதையோடு சொல்வார்.

அன்று ஆரஞ்சோடு வந்தவர் பயமுறுத்தியதும் பொய்யாகவில்லை. இவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மெஸ்ஸில் இவர் உட்கார்ந்த பெஞ்சில் பல மாதம் யாரும் உட்காரவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் நாயக்காகவே வீடு திரும்பி, ஒரு அரிசி மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். மாமனார் தன் வயதுக்காரர்களிடம், "எம் புள்ளை பட்டாளத்துல நெஜத்தைச் சொன்னவன்" என்று சொல்லிக்கொள்ள அதன் பிறகும் சில வருஷம் பிடித்தது. சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை.

அந்தப் பெண் தன் ஊரில் பிறகு எப்படி இருந்தாள், அங்கே அவளை எப்படி நடத்தினார்கள் என்று இவருக்கும் தெரியாது. ஒருமுறை அவள் பெயரைக் கேட்டேன்.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார். "கோர்ட்டுல அத்தனை ஆம்பளைங்க நடுவுல அந்தப் பேரைக் கூப்பிட்டது போதும்."