குளோரின் சார் வாங்கிய கேன்

தெருவில் அவருக்குக் குளோரின் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அலுவலகத்தில் சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையத்தில், எவ்வளவு குளோரின் கலக்க வேண்டும் என்று பார்த்து வால்வைத் திருகுவது அவர் வேலை. சேர்ந்த நாளிலிருந்து அதே வால்வுதான். பதவி உயர்வு தேடி வந்தபோதும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். இவர் போய் மேசையில் உட்கார்ந்துவிட்டால் ஊர் என்னத்தைக் குடிக்கும்?

இதைக் கேட்டு அடக்கமான மனுஷன் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. "இந்த ஊர்ல எந்தக் குழாயைத் திறந்தாலும் வர்றது என் தண்ணி. குடிச்சு ஒருத்தனுக்கு வயித்துவலி வந்துச்சுன்னு சொல்லு, மீசைய எடுத்துடறேன்" என்பார். அவருக்கு மீசையே கிடையாது. ஆனால் பேச்சில் இருக்கிற வேகத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை.

அப்படிப்பட்டவருக்குப் போதாத காலம், தெருமுனையில் ஒரு கேன் தண்ணீர்க் கடை வந்தது. கேன்காரர் தோளில் கேனோடு எந்த வீட்டுப் படி ஏறினாலும் அந்த வீட்டோடு இவருக்குப் பேச்சுவார்த்தை அறுந்தது. சொந்த மைத்துனர் வீட்டில் விருந்துக்குப் போனபோது சமையலறையில் ஒரு கேனைப் பார்த்துவிட்டு, போட்ட சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து வந்தவர் இவர். அப்படியும் தெருவில் பாதிப் பேர் கேன் வாங்காமல் குழாய்த் தண்ணீரையே குடித்து வந்தார்கள். கலக்குகிறவரே குடிக்கிறார், அப்புறம் நமக்கென்ன என்ற நம்பிக்கைதான். எதிர்வீட்டு டீச்சர் இதைப் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லுவார்.

இவருடைய கீர்த்திக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு முள் இருந்தது. அதுதான் மீன் தொட்டி. மகன் வேலை கிடைத்து வெளியூர் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று மனைவி வாங்கி வைத்தது. உள்ளே நாலு தங்கமீன்கள். வாரத்துக்கு ஒருமுறை ரப்பர் குழாயை வைத்துக் கொஞ்சம் பழைய தண்ணீரை இறக்கிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றுவாள். அந்தப் புதுத் தண்ணீரை முன்கூட்டியே பக்கெட்டுகளில் பிடித்து, நடையில் திறந்து வைத்திருப்பாள். குளோரின் காற்றோடு போக வேண்டுமாம்.

"குழாய்த் தண்ணிய நேரா ஊத்துனா என்ன?" என்று இவர் கேட்பார்.

"மீன் செத்துடும்."

"என் தண்ணியிலயா? ஊரே குடிக்குது!"

"ஊருக்குச் செவுள் இல்லைங்க" என்பாள் அவள்.

விஷயம் இவருக்கும் தெரியாமல் இல்லை. குளோரின் செவுளை அரித்துவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தெரிவது வேறு, தன் வீட்டு நடையில் தன் தண்ணீர் பக்கெட்டில் தண்டனை அனுபவிப்பதைத் தினமும் தாண்டிப் போவது வேறு. அந்தப் பக்கெட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

மனைவியின் தங்கைக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. துணைக்குப் போயாக வேண்டும். கிளம்பும்போது வாசலில் நின்று, "பக்கெட்ல தண்ணி ஆறவெச்சிருக்கேன். அதை மட்டும் ஊத்துங்க. கொஞ்சம் கொஞ்சமா. எல்லாத் தண்ணியையும் எடுத்துடாதீங்க" என்றாள். பிறகு தொட்டியை ஒரு பார்வை, இவரை ஒரு பார்வை பார்த்தாள். "நான் வர்ற வரைக்கும் இதுங்க உங்க பொறுப்பு" என்றாள். இவர் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

லீவு நாள் வந்தது. நடையில் பக்கெட்டுகள் இவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. வீட்டில் கேட்க ஆளில்லை. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய், ஆறவைத்த தண்ணீரில் ஆற அமர ஒரு குளியல் போட்டார். தலை துவட்டிக்கொண்டு வந்து தொட்டியில் ரப்பர் குழாயை விட்டார். சுத்தம் பண்ணுவது இவர் தொழில், அதில் என்ன அரைகுறை? மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து துடிக்கிற அளவுக்குத் தண்ணீரை இறக்கினார். அதன் பிறகு சமையலறைக் குழாயில் டியூபை மாட்டி, நேராகத் தொட்டிக்குள் திறந்துவிட்டார்.

தொட்டி பளிங்காக மின்னியது. "இதுக்குப் பேரு தண்ணி" என்று மீன்களிடம் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார்.

இரண்டு பக்கம்கூடப் படிக்கவில்லை. ஏதோ சத்தம் கேட்டு நிமிர்ந்தால், நாலு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. வாய் திறந்து மூடுகிற சத்தம்தான் அது. இருப்பதிலேயே பெரியது, மனைவி 'ராணி' என்று கொஞ்சுவது, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. ஆற்றில் கலங்கல் தண்ணீர் வருகிறது என்று அந்த வாரம் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்ததும் வேறு யாருமில்லை, இவரேதான்.

குளோரினை முறிக்கிற சொட்டு மருந்து மீன் கடையில் கிடைக்கும். போன் போட்டார். "கடை இன்னிக்கு லீவு சார், நான் ஊர்ல இல்ல" என்றார் மீன் கடைக்காரர். புதிதாகத் தண்ணீர் பிடித்து ஆறவைத்தால் நாளைக்குத்தான் ஆகும். ஆறவைத்திருந்ததை மேலே ஊற்றிக்கொண்டாயிற்று. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் குளோரினைப் போட்ட மனுஷனுக்கு அதை வெளியே எடுக்க ஒரு வழியும் கையில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெருமுனையில் கேன் கடை திறந்திருந்தது.

போகவே கூடாது என்றுதான் நினைத்தார். மீன் செத்தால் மனைவி கத்தமாட்டாள், அழமாட்டாள். காலித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். அந்தக் காட்சி கண்ணில் வந்ததும், கட்டிலில் கிடந்த போர்வையை உருவிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

கேன்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க சார்! என்ன சார் இந்தப் பக்கம்?"

"ரெண்டு கேன்" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு. கையோடு எடுத்து வந்த போர்வையை விரித்தார். "இதுல சுத்திக் குடு. நானே தூக்கிட்டுப் போறேன்."

"நல்லாயிருக்கே! நீங்க தூக்குறதா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் கேன்காரர். தோளில் ஒரு கேன், முகத்தில் ஒரு சிரிப்பு. நடுத்தெருவில் நிதானமாக நடந்து வந்து, இவர் வீட்டு மணியை அடித்து, கேனை வாசலில் இறக்கி வைத்தார். திரும்பிப் போய் இரண்டாவதையும் அதே நிதானத்தோடு கொண்டுவந்தார். தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லை.

மீன்கள் பிழைத்தன, அதைச் சொல்லிவிட வேண்டும். இருந்த தண்ணீரை முக்கால்வாசி இறக்கி, கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஊற்ற ஊற்ற மூன்றும் கீழே இறங்கின. ராணி மட்டும் நெடுநேரம் சாய்ந்தபடியே கிடந்துவிட்டு, ஒரு வாலடி அடித்து நிமிர்ந்தது. குளோரின் சார் தரையில் உட்கார்ந்து அழுதே விட்டார்.

மானம் கப்பலேறியது அதற்குப் பிறகுதான். சாயங்காலத்துக்குள் கேன்காரரிடம் இருப்பு தீர்ந்தது. இவர் பேச்சை நம்பியிருந்த பாதித் தெருவும் கேனுக்குச் சொல்லிவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் நேராக வந்து வாசலில் நின்றார்.

"உண்மையச் சொல்லுங்க சார். தண்ணியில என்ன கலந்திருக்கு?"

"ஒண்ணுமில்ல டீச்சர். சத்தியமா நல்ல தண்ணி."

"அப்புறம் நீங்க எதுக்குக் கேன் வாங்கினீங்க?"

தனக்காக என்றால், கலக்குகிறவனே குடிக்கவில்லை என்றாகும். வார்த்தையை மென்று முழுங்கி, "மீனுக்கு" என்றார்.

"மீனுக்கா? ஏன், குழாய்த் தண்ணியில விட்டா என்ன ஆகும்?"

"செத்துடும்" என்றார், பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

டீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்து அவசர அவசரமாகக் குளோரின், கிருமி, செவுள் என்று விளக்க ஆரம்பித்தார். டீச்சர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "மீன் சாகுற தண்ணியைத்தான் இத்தனை நாளும் எங்களைக் குடிக்கச் சொன்னீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. "புகார் குவியுது. எல்லாம் உங்க தெருவுலேருந்துதான். நாளைக்குள்ள அடங்கலேன்னா உங்களை வால்வுலேருந்து மாத்தறதத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்றார் அவர். வால்வு போனால் இவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

மறுநாள் வேலை விட்டு ஜனங்கள் திரும்புகிற நேரம். வாசல் குழாயடியில் டம்ளரோடு நின்றார். "எல்லாரும் பாருங்க, நான் குடிக்கிறேன்" என்று குழாயைத் திறந்து பிடித்து ஒரு வாய் குடித்தார்.

குப்பென்று மருந்து வாடை மூக்கில் ஏறியது. அட, இதென்ன? வீட்டில் குடிக்கும்போது ஒருநாளும் இப்படி இருந்ததில்லையே! கூட்டம் முகத்தையே பார்க்கிறது. துப்பினால் கதை முடிந்தது. சிரித்துக்கொண்டே முழுங்கினார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்தது.

"போதும் சார், உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கடையிலிருந்து கரிசனமாகக் குரல் கொடுத்தார் கேன்காரர்.

அந்த நேரத்தில்தான் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையோடு வந்தாள். டீச்சர் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அவள் கணவனைப் பார்த்தாள். திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார் அவர். பையைக் கீழே வைத்தாள். டம்ளரை வாங்கிக் குழாயில் நிரப்பி, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இவர் தண்ணியைத்தான் குடிக்கிறேன். எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு டீச்சர்?"

"அதானே!" என்றார் டீச்சர், கொஞ்சம் வெட்கத்தோடு. அங்கேயே நின்று கேன்காரரைக் கூப்பிட்டு, தனக்கு இனிக் கேன் வேண்டாம் என்று சொன்னார், புகாரையும் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் சொன்னார்கள். குளோரின் சாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உலகத்திலேயே தன் பெண்டாட்டியைப் போல ஒருத்தி இல்லை என்று அந்த நிமிஷம் தோன்றியது, அதைச் சொல்லிவிடவும் நினைத்தார்.

உள்ளே வந்ததும் அவள் முதலில் மீன்களைப் பார்த்தாள். நாலும் இருந்தன. சமையலறைக்குப் போய், மீன்களுக்கு ஊற்றியது போக மேடையில் இருந்த கேனைச் சாய்த்து வாய் கொப்பளித்தாள். மறுபடியும் கொப்பளித்தாள். "ஐயோ, என்ன நாத்தம்! எப்படித்தான் முழுங்குறாங்களோ!"

இவர் பின்னாலேயே வந்தார். "நாத்தமா? இத்தனை வருஷமா குடிக்கிறேன்னு இப்பத்தானே சொன்னே?"

"குடிக்கிறேன்தான். பொய்யா சொன்னேன்? முந்தின நாளே பிடிச்சு, அகலமான பாத்திரத்துல திறந்துவெச்சு, வாடை போனப்புறம் குடிக்கிறேன். வந்த மொத வாரத்துலேருந்து அப்படித்தான்."

"அப்ப... நான் குடிக்கிறது?"

"உங்களுக்கு மட்டும் தனியாவா வெப்பேன்? நீங்க வேலைக்குக் கொண்டுபோறதும் அதான். நான் இல்லாதப்பக் குடிக்கவும் பானை நெறைய அதையேதான் வெச்சுட்டுப் போனேன்." அவள் முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குத்தான் மொதல்ல ஆறவெச்சேன். மீனுங்க நேத்து வந்ததுங்க."

அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது வந்த வழியே போய்விட்டது. இத்தனை வருஷமும் ஊர் முழுக்க எதைக் குடித்துக்கொண்டிருந்தது என்பது, அதைக் கலக்கிய ஒரே ஒரு ஆளுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. "சொல்லியிருக்கலாமே" என்றார், மெதுவாக.

"சொல்லியிருந்தா உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்திருக்கும்" என்றாள் அவள்.

தொண்டையில் இன்னும் அந்த மருந்து வாடை நின்றது. அவள் கேனில் மிச்சமிருந்ததை டம்ளரில் ஊற்றி நீட்டினாள். குளோரின் சார் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, அதை வாங்கிக் குடித்தார்.