மலையை விட்டு இறங்காதவர்

லென் பில்பீமின் இறைச்சிக் கடைக்குள் ஒருநாள் காலையில் நுழைந்தவள், இருட்டிய பிறகுதான் வெளியே வந்தேன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அரைமணி நேரம் இருக்கும். கால் வலித்ததென்னவோ முழுநாள் கணக்குக்குத்தான்.

கடை மேசைமேல் போர் நடந்துகொண்டிருந்தது. வேகவைத்த பன்றித்தொடைதான் மலை. அதன்மேல் தோளோடு தோள் ஒட்டி நின்ற, கொத்துக்கறி அடைத்த சாசேஜ்கள் ஆங்கிலேயர்கள். கீழே ஆட்டு விலா எலும்புகள், கடல் தாண்டி வந்த நார்மன்கள். ஓரத்திலிருந்த இரண்டு சாசேஜ்களை எடுக்கப் போன என் கையை லென் தட்டிவிட்டார்.

"அதுல கை வைக்காதீங்கம்மா. அவங்க இடது கோடியில நிக்கிறாங்க. அவங்க நகர்ந்தா நாடு போச்சு."

எங்கள் ஊரின் பெயருக்கே போர் என்றுதான் அர்த்தம். 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம், ஆங்கிலேய மன்னன் ஹெரால்டை வீழ்த்தியது இந்தச் சரிவில்தான். கேடயங்களைச் சுவராகக் கோத்து உச்சியில் நின்றவரை ஆங்கிலேயரை அசைக்க முடியவில்லை. நார்மன்கள் தோற்று ஓடுவதுபோல் போக்குக் காட்ட, இவர்கள் துரத்திக்கொண்டு இறங்கினார்கள். கதை முடிந்தது. லென்னுக்கு அது போன வாரம் நடந்ததுபோல் இன்னும் எரிகிறது. ரயில் தாமதமானால், "மலையை விட்டு இறங்கினதோட பலன்." வரி ஏறினால், "இறங்காம இருந்திருந்தா இது வருமா?" அவர் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டபோதும் வில்லியம்தான் மாட்டினான்.

"பொழுது சாயற வரைக்கும் நின்னிருந்தா போதும். விடியறதுக்குள்ள இன்னும் ஆளு வந்திருக்கும். வில்லியம் கப்பலேறியிருப்பான். அப்புறம் பிரான்சுல நமக்கு என்ன வேலை? அவங்களோட நூறு வருஷச் சண்டை ஏது? டென்மார்க்காரனும் நார்வேக்காரனும்தான் நமக்குச் சம்பந்தி. ஐரோப்பாவே வடக்குப் பார்த்து உக்காந்திருக்கும்."

பின்னால் கொத்துக்கறி பொட்டலம் கட்டும் மனைவி பெரில் தலை நிமிரவே மாட்டாள். "அவங்களாட்டம் மூணு வேளையும் ஊறவெச்ச மீன் தின்னிருப்பே. உனக்குத்தான் மீன் வாடையே ஆகாதே."

பிரெஞ்சுக் கடுகு விழுது அந்தக் கடையில் கிடைக்காது, கேட்பதும் ஆபத்து. ஆனால் சுற்றிப் பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பன்றித்தொடையில் ஒரு துண்டு கூடுதலாகவே விழும். "பாவம், இவங்க என்ன பண்ணுவாங்க? பாட்டன் பண்ணினது."

ஒவ்வோர் அக்டோபரிலும் ஊரார் அந்தப் போரை மறுபடி போட்டுக் காட்டுவார்கள். கேடயச் சுவரின் நடுவில் லென் நிற்பார். மரத்தைத் தானே அறுத்துச் செய்த கேடயம். அதில் கறுப்புப் பன்றி ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு கொம்பு ஊதியதும் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். லென் மட்டும் இறங்கவில்லை. குதிரை வீரர்கள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். செத்து விழவும் மறுத்துவிட்டார். கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்ததில், ஹெரால்டு செத்ததை யாருமே கவனிக்கவில்லை.

படைத்தலைவர் காலின், ஊரின் பல் டாக்டர். நிதானமானவர்தான், அன்று அவருக்கும் பொறுக்கவில்லை. "லென், வரலாறுன்னு ஒண்ணு இருக்குப்பா. அடுத்த வருஷமும் இறங்கலைன்னா கேடயத்தைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு."

அந்த வாரம் முழுக்க லென்னின் சாசேஜில் உப்புக் கரித்தது. அவருக்குத் தேவாலயம் கிடையாது, கால்பந்து கிடையாது. இருப்பதெல்லாம் அந்த வரிசையில் ஓர் இடம்.

இந்த ஆண்டு காலையிலிருந்தே தூறல். நானும் பெரிலும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரே குடையில் நின்றோம். நார்மன் குதிரைகள் மேலேறி வந்தன, முட்டின, திரும்பி ஓடின. கொம்பு ஊதியது. "இறங்குங்க!" என்று காலின் கத்தினார். வரிசை அசையவில்லை, எல்லாக் கண்களும் லென்மேல். அவரோ குதிகாலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

"போச்சு. கேடயம் போச்சு," என்றாள் பெரில், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அப்போது ஈரப் புல்லில் ஒரு குதிரை வழுக்கியது. அதன்மேலிருந்த எட்டியன், நார்மண்டியின் கான் நகரிலிருந்து ஆண்டுதோறும் சவாரி செய்ய வரும் ரொட்டிக்கடைப் பையன், தூக்கியெறியப்பட்டு அப்படியே கிடந்தான். அடுத்த நொடி மலையை விட்டு முதலில் இறங்கியவர் லென் பில்பீம். அவர் ஓடுவதைப் பார்த்ததும் கேடயச் சுவர் மொத்தமும் கூச்சலிட்டபடி பின்னாலேயே சரிந்தது. வில்லியமே வந்து நின்று பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டான்.

லென் வாளை வீசியெறிந்தார். பையனைத் தோளில் அள்ளிக்கொண்டு, ஒரு மூச்சில் மலையேறினார். இரண்டு படைகளும் நின்று அழுதன. காலின் கேடயத்தைப் பற்றி அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

இதுவரை எழுதியதைக் கடையில் வைத்துப் பெரிலுக்குப் படித்துக் காட்டினேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஒருத்தரும் அழலை, அது மழை. இவரு யாரையும் தூக்கவும் இல்லை. அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகலை, தானா எழுந்துட்டான். ஓடின ஓட்டத்துல இவரு முட்டிதான் பிசகிச்சு. பிரான்சுப் பையன்தான் இவரை முதுகுல சுமந்து மலையேத்தினான். இவரு பண்ணினது ஒண்ணுதான். உச்சி வர்ற வரைக்கும் அந்தக் கேடயத்தை அவன் தலைக்கு மேல குடையாட்டம் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. அதை எழுது."